அப்பா சுவிசில இருக்கிறாராம்

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
நவம்பர் 24

மரியே வாழ்க.

அன்பு மகன் றஜித்துக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சியும் மாதாவின்ர காவலில ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், நீயும் அந்தக் குளிருக்க நேரத்துக்குச் சாப்பிட்டு நெஞ்சில சளி கட்டாமல் இருக்கிறாய் எண்டு நம்பித்தான் இதைத் தொடங்கிறன். (அண்ணா, சொல்லுறது அம்மா, எழுதுறது நான் டிலுசா. குறையில்லாமல் எண்டது சுத்தப் பொய். அம்மாட வலது மணிக்கட்டு எலும்பு வெடிச்சு ஆஸ்பத்திரியில வெள்ளைக் கட்டுப் போட்டு விட்டிருக்கினம். அம்மா கைகாரி எண்டு ஊருக்கே தெரியும், இப்ப ஒருகைக்காரி. அதை எழுதாதை எண்டவா. நான் எழுதேல்ல, அடைப்புக்குறிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன். அவ வாசிச்சுப் பிடிக்காமல் இருக்க அவவின்ர கண்ணாடியையும் ஒளிச்சு வைச்சிட்டன்.)

போனில கதைக்கலாம்தானே, ஏன் இந்தக் காலத்தில கடிதம் எண்டு நினைப்பாய். போனில அப்பாட கதையை எடுத்த உடன நீ, அம்மா சத்தம் விளங்கேல்ல பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிடுறாய். பத்து மாசமா உனக்கு எங்கட வீட்டுச் சத்தம் மட்டும் விளங்குதில்லை. கடிதத்தை அப்பிடி வைக்க ஏலாது மோனே, வைச்சாலும் மேசையில கிடந்து உன்னைப் பாத்துக்கொண்டுதான் இருக்கும். இங்க மழை துவங்கிட்டுது, வட்டுவாகல் பாலத்துக்கு மேலால தண்ணி ஓடுது, கடலும் கலங்கிப் போய்க் கிடக்கு, சித்தப்பா வள்ளத்தைக் கரையில ஏத்திப் போட்டு வீட்டுக்குள்ள இருந்து சித்தியோட சண்டை பிடிக்கிறார். கோவில் கூரை ஒழுகுது எண்டு சுவாமி பூசையில நெடுகச் சொல்லுறார். மற்றும்படி ஊரில புதினம் இல்லை, இருந்த ஒரு புதினம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாசம் நீ உன்ர பிரிட்ஜின்ர படம் ஒண்டு அனுப்பினனி. லீவு கிடைக்கிற நேரமெல்லாம் தனிய, மலிவு பஸ்ஸில ஏறி, பாணும் வாழைப்பழமும் பையில கொண்டு போய், போற ஊரிலயெல்லாம் ஒரு காந்தப்படம் வாங்கிக்கொண்டு வந்து பிரிட்ஜ் கதவில ஒட்டுறனியாம், இருபத்தேழு ஊர் ஆச்சாம் எண்டு சந்தோசமாச் சொன்னனி. எனக்கும் சந்தோசம்தான். தங்கச்சிதான் குறுக்கால விழுந்து, அண்ணா எங்கட ஊர் எங்க எண்டு கேட்டவள். நீ சிரிச்சுக்கொண்டு, அங்க என்னடி இருக்கு வாங்கிறதுக்கு எண்டனி. நீ அப்பிடிக் கடை இல்லை எண்ட கருத்திலதான் சொன்னனி, எனக்கு விளங்குது. ஆனா அது தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிண்டிட்டுது, விழுங்கவும் ஏலேல்ல, துப்பவும் ஏலேல்ல. பெத்த பிள்ளை தனியப் போய்ச் சேர்க்கலாம் எண்டால் பெத்தவள் உனக்கு எங்கட ஊர்ச்சாமான் சேர்க்கப் போகக் கூடாதோ. அதுதான் நானும் இடியப்பப் பாசல் ஒண்டைக் கட்டி, தங்கச்சியைச் சித்தி வீட்டில விட்டிட்டு, போன புதன்கிழமை தனிய பஸ் ஏறினனான்.

எங்க போறது எண்டு யோசிக்கேல்ல. அப்பா மீன் கொண்டு போன பாதையாலதான் போனனான். உனக்கு ஞாபகம் இருக்கும், மோட்டச்சைக்கிளில மீன்பெட்டியைக் கட்டி, அந்த ரப்பர் ஹோனை அமத்தி அமத்தி, திங்கள் எண்டால் தர்மபுரம், புதன் எண்டால் அக்கராயன், வெள்ளியில சைவக்காரர் மீன் தொடமாட்டினம் எண்டு புளியங்குளத்தில முஸ்லிம் வீடுகளுக்குப் போவார். தை மாசம் பதினெட்டாம் திகதி விடிய கரையில மீன் ஏலம் கேட்டுக்கொண்டு நிண்ட மனிசன் நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவர், இருந்தது இருந்தபடி போயிட்டார். கரை முழுக்கச் செத்தவீட்டுக்கு வந்தது. ஆனா மீன் வாங்கின சனத்துக்கு ஆர் போய்ச் சொன்னது, நாங்களும் நினைக்கேல்ல.

நான் பிழை விட்டது புறப்படேக்கதான். ஆண்டு முடியும் மட்டும் கறுப்புக் கட்டவேணும் எண்டது எங்கட முறை, பத்து மாசமும் நான் கறுப்போடதான் நிண்டனான். அண்டைக்கு இவள் டிலுசா, அம்மா கறுப்போட தனிய நிண்டால் பஸ்காரன் காகம் எண்டு நினைச்சு நிப்பாட்டாமல் போயிடுவான் எண்டு நையாண்டி பண்ணி, அப்பா எடுத்துத் தந்த நீலச் சீலையை அலுமாரிக்குள்ள இருந்து எடுத்து நீட்டினவள். மழையில நனைஞ்சாலும் கெதியாக் காயும் எண்டு நானும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். (பகிடிக்குத்தான் சொன்னனான் அண்ணா. உண்மையில எனக்கு அம்மாவை ஒருநாளாவது நிறத்தில பாக்கவேணும் போல இருந்தது.)

தர்மபுரத்தில மீனம்மா எண்டு கச்சான் கடலைத் தோட்டம் செய்யிற மனிசி, அவவின்ர மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு நானும் அப்பாவும் போனனாங்கள். படலையைத் திறக்க முதலே ஓடி வந்து, அக்கா, அண்ணை எங்க, பத்து மாசமா ஹோன் சத்தத்தைக் காணேல்ல, எங்கட பூனையும் றோட்டைப் பாத்துப் பாத்து மெலிஞ்சு போச்சு எண்டவா. என்ர நீலச் சீலையைப் பாத்தவா. கறுப்பு இல்லாததால அவவின்ர முகத்தில ஒரு பயமும் இல்லை. அந்த முகத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது. அப்பா செத்திட்டார் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான், வந்தது, மகனிட்டச் சுவிசுக்குப் போட்டார் எண்டு. மனிசி கையைத் தட்டிச் சிரிச்சா. மீன் நிறுக்கேக்க எந்த நாளும் மகன் கூப்பிடுவான், மகன் கூப்பிடுவான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் நிறுக்கிறவராம், கடைசியில கூப்பிட்டிட்டானே எண்டு அவவுக்குக் கண் கலங்கிட்டுது. அண்டைக்கு என்னைப் போகவும் விடேல்ல, தங்க வைச்சு, காலமை ஒரு கம்பளித் தொப்பியைக் கொண்டு வந்து தந்தா, நுவரெலியாவுக்குப் போன நேரம் வாங்கினதாம், அண்ணைக்கு அங்க காது குளிருமாம்.

ஒரு பொய் சொன்னாப் பிறகு அடுத்த ஊரில உண்மையைச் சொல்லலாம் எண்டுதான் பஸ்ஸில இருந்து பாடமாக்கிக்கொண்டு போனனான். அக்கராயனில குளத்தடியில வயல் செய்யிற தயாபரன் எண்ட பெடியன், நான் ஆர் எண்டு சொன்ன உடனயே உள்ளுக்குப் போய் ஒரு பழைய பேப்பரில சுத்தின பொட்டலத்தைக் கொண்டு வந்தது. அப்பாட கண்ணாடி. செத்தவீட்டண்டு பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கு நாங்கள் வீடெல்லாம் கவிட்டுக் கொட்டித் தேடினமே, அந்தக் கண்ணாடி. அண்ணை பேப்பர் பாத்திட்டு மறந்து போட்டார், கண் தெரியாமல் எப்பிடி இவ்வளவு நாளும் இருக்கிறார் எண்டு அந்தப் பெடியன் கேக்குது. நான் பாடமாக்கினது எல்லாம் மறந்து போச்சு. மகன் புதுசு வாங்கிக் குடுத்திட்டான், சுவிசில இருக்கிறார் எண்டன். அப்ப ஏன் பழசு எண்டு கேளாமல், பழகின கண்ணாடிதான் அக்கா கண்ணுக்குச் சுகம், முதல் வேலையா அனுப்புங்கோ எண்டு, கூட மொட்டைக்கறுப்பன் அரிசியிலயும் ஒரு பை கட்டித் தந்தது. (நான் வகுப்பில ஒரு சின்னப் பொய் சொன்னதுக்கு மாதா படத்துக்கு முன்னால முழங்காலில விட்ட மனிசி, ஊரூராப் போய்ப் போய்ப் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறா. கைக்கு ஒரு கட்டு, வாய்க்கு ஒரு கட்டுக்கதை.)

அக்கராயனில இரவு தங்கி, வெள்ளிக்கிழமை காலமை புளியங்குளத்தில அந்த முஸ்லிம் அண்ணை, கச்சு முகம்மது நானாட தேத்தண்ணிக் கடைக்குப் போனனான். அப்பா மீன் வித்து முடிய அங்கதான் பிளேன்ரீ குடிக்கிறவர். நான் அவர் கேக்க முதலே சுவிசுக் கதையைத் துவங்கிட்டன், குளிராம், நல்லாச் சாப்பிடுறாராம், மகன் நல்லாப் பாக்கிறானாம் எண்டு நிப்பாட்டாமல் சொல்லிக்கொண்டே போறன். அந்த மனிசன் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்திட்டு, கடைக் கதவில ஒண்டைச் சாத்திப் போட்டு, மனிசி ஸுஹறாவைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி குடுக்கச் சொன்னார். அவ என்ர பக்கத்தில இருந்து முதுகைத் தடவிக்கொண்டு இருந்தா. வெளிக்கிடேக்க நானா தட்டில இருந்து ஒரு கோப்பையை எடுத்துக் கழுவித் துடைச்சுத் தந்தார், காது உடைஞ்ச பச்சைக் கோப்பை, அப்பாக்கெண்டே வைச்சிருந்ததாம், வேற ஒருத்தருக்கும் அதில ஊத்திக் குடுக்க மனம் வரேல்லயாம். தங்கச்சி, இதை மகனுக்கு அனுப்புங்கோ எண்டார். மற்ற ரெண்டு பேரும் அண்ணைக்கு எண்டு தந்தவை. நானா மட்டும் மகனுக்கு எண்டார். தெரிஞ்சிட்டுது அவருக்கு. பஸ் வந்து ஏறப் போறன், கண்ணுக்குள்ள தண்ணி நிண்டு படி தெரியேல்ல, விழுந்திட்டன். முறிஞ்சது வலக்கைதான், கோப்பை இடக்கையில இருந்தது, அதுக்கு ஒண்டும் இல்லை. (இந்த இடத்தில அம்மா தானாவே கை முறிஞ்சதைச் சொல்லிப் போட்டா, நான் காட்டிக் குடுக்கேல்ல.)

இப்ப கடிதத்தோட வாற இந்தப் பெட்டிக்குள்ள தொப்பியும் அரிசியும் கோப்பையும் இருக்கு. ஒண்டிலயும் காந்தம் இல்லை, உன்ர பிரிட்ஜில ஒட்டாது, மேல வை. நீ கேக்கலாம், சும்மா ஊர்ச்சாமான் கொண்டு வரப் போன மனிசி ஏன் இப்பிடிப் பொய் சொன்னனி எண்டு. எனக்குத் தெரியேல்ல மோனே. மூண்டு நாள் அப்பா ஒரு இடத்தில உயிரோட இருந்தவர், உன்ர வீட்டில, உன்ர கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர். எனக்கே அது பொய் மாதிரித் தெரியேல்ல. வீட்டுக்கு வந்து திரும்பக் கறுப்பைக் கட்டேக்கதான் ரெண்டாந்தரம் செத்தவர். ஆனா மீனம்மாவும் அந்தப் பெடியனும் இனியும் நம்பிக்கொண்டுதானே இருக்கப் போகினம். வாற திங்களும் பூனை றோட்டைப் பாக்கும். அதைப் போய்ச் சொல்ல என்னால ஏலாது, என்ர முகத்தைப் பாத்து ஒருக்கா ஏமாந்த சனம்.

நீ வந்து சொல்லு. செத்தவீட்டுக்கு வர உனக்கு அந்த நாட்டு விசாக் காட் இல்லை, நான் ஒரு சொல்லுக் கேக்கேல்ல, அப்பாட முகத்தை நீ போனுக்குள்ளால பாத்தது எனக்குத் தெரியும். இப்ப காட் இருக்கு, இருபத்தேழு ஊருக்குப் போட்டாய். இருபத்தெட்டாவதுக்கு வர உனக்கு ஏன் பயம் எண்டும் எனக்குத் தெரியும், வீட்டுக்குள்ள வந்தால் அப்பா இல்லை எண்டது உண்மையாப் போயிடும். அந்தப் பயத்திலதான் நானும் பொய் சொன்னனான். உன்னைப் பேச எனக்கு வாய் இல்லை. தை பதினெட்டாம் திகதி ஆண்டுப் பூசை. அதுக்கு வந்து, முடிய அப்பாட மோட்டச்சைக்கிளில அந்த மூண்டு ஊருக்கும் ஒருக்காப் போ, படலையில நிண்டு ஹோனை அமத்து, மீன் வாங்கச் சட்டியோட வருவினம், அப்ப சொல்லு.

(ஹோன் எண்டதும் நான் ஒண்டு சொல்லவேணும் அண்ணா, இது அம்மா சொல்லாதது. முப்பத்தோராம் நாள் முடிஞ்ச கிழமை, வீடு சத்தமே இல்லாமல் கிடக்குது எண்டு நான் அம்மாவைச் சிரிக்க வைக்க நினைச்சு வெளியில போய் அந்த ஹோனை ரெண்டு தரம் அமத்தினனான். அம்மா குசினிக்குள்ள இருந்து தேத்தண்ணிக் கோப்பையோட ஓடி வந்தவா. என்னைக் கண்டிட்டு ஏசேல்ல, அடிக்கேல்ல. கோப்பையை என்ர கையில தந்து குடி எண்டவா. நான் செய்ததுகளுக்குள்ள அது ஒண்டைத்தான் திருப்பி எடுக்க ஏலாமல் இருக்கு.)

ஐயோ, மாட்டுப்பட்டன் அண்ணா. அம்மா அந்தப் பேப்பர்ப் பொட்டலத்துக்குள்ள இருந்து அப்பாட கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்தில இருந்து இது வரைக்கும் வாசிச்சிட்டா. அடைப்புக்குறி எல்லாம் வாசிச்சா. கிழிக்கேல்ல. இனி மிச்சத்தை எழுது எண்டு சொல்லுறா.

மகன், தங்கச்சி எழுதினது எல்லாம் அப்பிடியே இருக்கட்டும். கண்ணாடியை மட்டும் பெட்டிக்குள்ள வைக்கேல்ல. அது உனக்கு இல்லை, அப்பாக்கு. நீ வந்தாப் பிறகு ரெண்டு பேருமாச் சேமக்காலையில அப்பாட கல்லறைக்குக் கொண்டு போய்க் குடுப்பம். அது வரைக்கும் நான் போட்டிருக்கிறன், எனக்கும் நல்லாத்தான் தெரியுது. தொப்பியை நீ போடு, காது குளிராமல் பார். ஞாயிறுப் பூசையைத் தவற விடாதை. மொட்டைக்கறுப்பனை ஊறவைச்சு அவி, அவசரப்பட்டால் வேகாது. ரிக்கெற் எடுத்த உடன அந்தச் சத்தம் விளங்காத போனை எடுத்து ஒரு சொல்லுச் சொல்லு, எனக்கு விளங்கும். மடுமாதா உன்ர வழியெல்லாம் முன்னுக்கு நடக்கட்டும், அப்பாட ஆசீர்வாதம் உன்ர தலையில இருக்கட்டும்.

உன்ர வரவைப் பாத்திருக்கிற அம்மா,
ம. புனிதம்

(கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தாலும் அம்மா தன்ர இடக்கையால போட்டதுதான். ஹோனைத் துடைச்சு வைச்சிருக்கிறன் அண்ணா. நான் இனி அதைத் தொடமாட்டன்.)