அம்மாவுக்கு நாலடி பின்னால்

ஜூன் 22, ஞாயிறு
வெயில் ஜாஸ்தி. காற்றே இல்லை. கேமரா, ஸ்டாண்டு, இன்ஃப்ராரெட் பிலிம் ஒரு ரோல், தண்ணீர் பாட்டில், அம்மா. அடி அண்ணாமலை தாண்டி கிரிவலப் பாதையில் வேப்பமரங்கள். இந்த பிலிமில் இலையெல்லாம் வெள்ளையாக விழும். அதற்குத்தான் இந்தப் பாடு.

ஃபோகஸ்தான் தலைவலி. இந்த பிலிமுக்கான கறுப்பு ஃபில்டர் மாட்டினால் உள்ளே ஒன்றும் தெரியாது, கும்மிருட்டு. முதலில் வெறும் லென்ஸில் ஃபோகஸ். பிறகு லென்ஸ் வளையத்தை அதிலுள்ள சிவப்புப் புள்ளிவரை கொஞ்சம் திருப்பணும். அப்புறம்தான் ஃபில்டர். திருப்பாவிட்டால் நாம் பார்த்த இடத்துக்குப் பின்னால் போய்த் தெளிவு விழும்.

மரத்தடியில் அம்மாவை உட்கார வைத்து ஒரு படம். "எத்தினி நேரம்டி? உன் பொட்டி போறவங்கள மறைக்குது." அம்மா மரம் பார்க்க வரவில்லை. கிரிவலம் போயிட்டு வரேன் என்று கிளம்பிய என் தம்பி, வருஷங்கள் ஆகியும் வீடு திரும்பவே இல்லை. போலீஸ், ஜோசியம், எல்லாம் பார்த்தாயிற்று. "இன்னும் சுத்திக்கினு இருக்கான்" என்பாள், யார் கேட்டாலும்.

ஜூன் 23, திங்கள்
ஆபீஸில் கரன்ட் இல்லை. சீக்கிரம் வீடு. பாத்ரூமில் பிலிம் கழுவினேன். மரங்கள் பிரமாதம். அம்மா படம் சொதப்பல். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே புள்ளிக்குத் திருப்ப மறந்திருக்கிறேன். அவள் முகம் கலங்கிக் கிடக்கிறது. நாலடி பின்னால் ஒரு சாமியார். எடுக்கும்போது கவனிக்கவே இல்லை. அவர் மட்டும் இமைமுடி வரை தெளிவு.

ஒரு முட்டியைத் தூக்கி அதன்மேல் தாடை. தம்பி அப்படித்தான் உட்காருவான். பயமாக இருக்கிறது. அவனாக இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும்.

ஜூன் 24, செவ்வாய்
காட்டாமல் இருக்க முடியவில்லை. "நான் ஏன்டி இப்படி இருக்கேன்?" புள்ளியை, மறதியை விளக்கினேன். பிறகு அவரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூக்காண்ட மச்சம் எங்க?"

இல்லை. படத்தில் அவர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

"அப்ப அவன் இல்ல." பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஆனால் காவியே வெள்ளையாகத்தானே விழுந்திருக்கிறது? மச்சம் மட்டும் விழுமா?

ஜூன் 25, புதன்
புது ரோலில் என் கை மச்சத்தை எடுத்தேன். புள்ளிக்குத் திருப்பினேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். கழுவிப் பார்த்தால் கையில் ரோமம்கூடத் தெரிகிறது. மச்சத்தைக் காணோம். கடவுளே.

அம்மாவிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் காவி கட்டியவர்களின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருவர் முறைத்தார்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி
மேகமூட்டம். லீவு. சும்மா ஒரு வேலை என்று சொல்லிக் கிளம்பினேன். அம்மா டிபன் கேரியரை வண்டியில் மாட்டினாள். புளிசாதம். "யாருக்கு?" "யாரா இருந்தா என்ன. எடுத்துக்கினு போ."

அதே மரம். அதே முட்டி. கிட்டே போனேன். மச்சம் இல்லை. நிஜமாகவே இல்லை. "எந்த ஊருங்க?" "நெல்லூரும்மா." வேறு குரல். சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் வண்டியை ஓரம் கட்டி அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வாசலில்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு. நம்ம ஆளு இல்லம்மா."

கேரியரைக் கழுவினாள். துடைத்தாள். திரும்பத் துடைத்தாள்.

"அந்த பிலிமு இன்னும் இருக்குதா?"

"ஒண்ணு இருக்கு."

"நாளைக்கு எடுத்துக்கினு வா. என்னை அங்கயே உக்கார வச்சு எடு. புள்ளிக்குத் திருப்பாத."