வியாழனுக்கு நான் போட்ட வளையம்

ஞாயிறு, இரவு

தூக்கம் வரலை. சிதம்பரத்திலிருந்து மச்சான் இன்று டெலஸ்கோப்போடு என் மகளையும் அழைத்துக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டான். அவள் அவன் வீட்டில் தங்கித்தான் காலேஜில் பிசிக்ஸ் படிக்கிறாள். பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் ரெண்டு பேரும் ஐபீஸ், அபெர்ச்சர், ஃபோக்கல் லென்த் என்று ஒரே பேச்சு. பெத்தவன் நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, சூப்பரா ஃபோகஸ் பண்ணிட்டீங்க!" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

என் முறை வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். கலங்கலாக ஒரு வெளிச்சம்தான். மச்சான் எதிரில் விட்டுக்கொடுக்க முடியுமா? "சனி வளையம் நல்லா தெரியுதும்மா" என்று அடித்துவிட்டேன்.

"அப்பா, அது வியாழன்."

மச்சான் சிரித்த சிரிப்பில் தெருநாய் குரைத்தது.

மகள் சிரிக்கவில்லை. "அது மாமா கண்ணுக்கு வச்ச ஃபோகஸ்ப்பா. இருங்க, உங்க கண்ணுக்கு வைக்கிறேன்" என்று குமிழை மெல்லத் திருகினாள். வியாழன் உருண்டையாக வந்து நின்றது. பக்கத்திலேயே நாலு நிலா, வரிசையாக.

"தள்ளுங்க அத்தான், நானும் பாக்கறேன்" என்றான் மச்சான்.

"தொடாதடா. இது என் கண்ணுக்கு வச்சது."

அவன் கீழே இறங்கிப் போகும்வரை நான் நகரவில்லை. குனிந்தே நின்றதில் இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வலிக்கட்டும்.