வெதுவெதுப்பு

ஜூன் 3, செவ்வாய்

பார்லரில் இன்று உட்காரவே நேரமில்லை. பாதம் இரண்டும் தீயாய் எரிகிறது. நாத்தனாரிடம் போனில் புலம்பினேன். "சுடுதண்ணில கல்லுப்பு, சமையல் சோடா, கொஞ்சம் வினிகர், இஞ்சியத் தட்டிப் போட்டு காலை வச்சுக்கோங்க அண்ணி. உள்ள இருக்கிற நச்செல்லாம் கால் வழியா எறங்கிடும்" என்றாள்.

இறங்கினால் சரி. நின்றால்தானே கத்தரி பிடிக்க முடியும்? இந்தக் கால்களை நம்பித்தான் என் பிழைப்பு.

ஜூன் 4, புதன்

துணி ஊறவைக்கும் நீல டப்பை எடுத்துக்கொண்டேன். பதமா என்று காலை விட்டுத்தான் பார்த்தேன். கை நாள் முழுக்க யார் யார் தலையோடோ சுடுதண்ணீரில் கிடக்கிறது, அதன் பேச்சை நம்ப முடியாது. இஞ்சி வாசனை. ஜன்னல் திரை உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. எங்கோ படகில் போகிறேன் போல... அப்படியே கண் சொருகிவிட்டது.

ஜூன் 5

தண்ணீர் கலங்கியிருந்தது. நச்சா, பார்லர் அழுக்கா? நச்சு என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

எரிச்சல் போயே போச்சு. நடந்தால் தரை தெரியவில்லை, பஞ்சின் மேல் மிதக்கிறேன். ஒரு செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் பார்லர் வாசல்வரை வந்துவிட்டேன். முதலாளியம்மா பார்த்துவிட்டு, "இந்த வயசுல யார் மேலடி காதல்?" என்றார். என் கால் மேலதான், என்றேன்.

ஜூன் 14, சனி

இவரையும் டப்புக்கு இழுத்தேன். "நச்சு எறங்க நான் என்ன பாம்பா?" என்று கிண்டல் வேறு. நான் ஏற்கெனவே காலை வைத்துப் பாதிக் கனவில் இருந்தேன். காலை விட்டவர் துள்ளி எழுந்தார்.

"அடியே, கொதிக்குது."

"வெதுவெதுப்பாத்தானே இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. குனிந்து என் கால்களைத் தூக்கி வெளியே வைத்தார். சிவந்திருந்தன. குதிகாலில் கொப்புளம்.

வலிக்கவில்லை. வலிக்கவே இல்லை. ஏன் வலிக்கல?

ஜூன் 16, திங்கள்

டாக்டர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பாதி நேரம் தொட்டதே தெரியவில்லை. சர்க்கரையாம். வெகுநாளாக இருந்திருக்கிறதாம். "எரிச்சல் நின்னது குணமாகி இல்லம்மா. நரம்பு சொல்றத நிறுத்திடுச்சு. இனிமே சுடுதண்ணி பக்கமே போகாதீங்க."

பயமாக இருக்கிறது. காலே போயிடுமா? இவர் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஜூன் 17

டப்பில் மறுபடியும் துணி.

ஜூலை 6, ஞாயிறு

புண் ஆறிவிட்டது. பார்லரில் உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், உட்கார்ந்தே முடி வெட்டுகிறேன். சாயங்காலமானால் இவர் என் பாதத்தை மடியில் வைத்து விரலிடுக்கு விடாமல் பார்க்கிறார். அப்புறம் பரீட்சை. நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"எந்த விரலைத் தொட்டிருக்கேன், சொல்லு."

தண்ணீருக்கடியில் யாரோ தொடுவதுபோல் இருந்தது.

"சுண்டுவிரல்."

"சரியாச் சொல்லிட்ட" என்றார்.

லேசாகக் கண்ணைத் திறந்தேன். அவர் கை என் கட்டைவிரலைப் பிடித்திருந்தது.

மறுபடி மூடிக்கொண்டு, "அடுத்தது கேளுங்க" என்றேன்.