நான் துடைத்த புள்ளி

மார்ச் 4

இன்று பதினோரு படம். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம், அவசரமாம். இந்த அச்சகத்தில் எதுதான் அவசரமில்லை? தவளையின் வயிற்றில் இருந்த கீறல், இலைப் படத்தில் விழுந்திருந்த முடி, எல்லாவற்றையும் துடைத்து முடித்தேன். கடைசிப் படம்தான் உயிரை வாங்கியது. முழுக்க இருட்டு. குறுக்கே நாலைந்து மங்கலான வெளிச்சப் பட்டை, எவரோ கை தவறி எடுத்த மாதிரி. முப்பத்தேழு தூசி எண்ணித் துடைத்தேன். கடைசித் தூசி ஒரு பட்டையின் நடுவே உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. "போய்த் தொலை" என்று வாய்விட்டே சொன்னேன்.

அச்சகத்தில் என் பெயரே தூசி. தட்டு அண்ணன் வைத்த பெயர். நான் கணினியில் சுத்தம் செய்து அனுப்பும் பக்கங்களை அச்சுத் தட்டில் ஏற்றுகிறவர் அவர். லென்ஸ் வைத்துப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். இன்று, "தூசி, உன் பக்கத்துல குறை சொல்ல ஒண்ணுமே இல்லையே, அப்புறம் நான் எதுக்கு?" என்றார். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 2

மழை. கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 16

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

மகளுக்கு இன்று புதுப் புத்தகங்கள் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, இது நீ செஞ்ச புத்தகம்தானே? இந்தப் புள்ளி எங்கம்மா?" என்று ஒரு பக்கத்தை நீட்டினாள். அந்த இருட்டுப் படம். கீழே எழுதியிருக்கிறது: அறுநூறு கோடி கிலோமீட்டர் தள்ளிப்போன விண்கலம் திரும்பிப் பார்த்து எடுத்த படம். வெளிச்சப் பட்டையின் நடுவே தெரியும் சிறு புள்ளிதான் நம் பூமி.

புள்ளி இல்லை.

குறிப்பு அடிப்பது வேறு அறை. எனக்கு வெறும் படம் மட்டும்தான் வரும். யாரும் சொல்லவில்லையே! நானும் கேட்கவில்லை. "லைட்டைப் போடும்மா, சரியாத் தெரியல" என்றேன். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஏப்ரல் 17

மற்றவர்கள் வருமுன்பே அச்சகத்துக்குப் போய் மூலப் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கினேன். இருக்கிறது. அந்த அடம்பிடித்த தூசி.

இதுக்குள்ளயா நாம இருக்கோம்? என் மகள், நான் போட்ட அட்டை, இந்த அச்சகம், மேனேஜரின் சுழல் நாற்காலி, செத்துப்போன அப்பா — எல்லாமேவா? கடல்கூடவா? கடுகளவு என்று சொல்லலாமென்றால், கடுகு அதைவிட எவ்வளவோ பெரிது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விழுந்துவிடுவேன் போலிருந்தது. எங்கே விழுவது?

இதைப் போய் ரெண்டு அழுத்துல அழிச்சேனே. போய்த் தொலைன்னு வேற சொன்னேனே, பாவி.

ஏப்ரல் 21

படத்தில் பூமியைக் காணோம் என்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். தட்டு அண்ணன் போன மாதம்தான் கனமான கண்ணாடிக்கு மாறினார். எல்லோரும் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்தார்கள்.

"என் கண்ணுதான் சார்," என்று அவரே ஆரம்பித்தார். "லென்ஸ் வச்சுத்தான் பாத்தேன். எனக்குப் புள்ளி எதுவும் தெரியல. இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

இருந்தால்தானே தெரியும்! வாய்வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

ஏப்ரல் 22

சொல்லவில்லை.

ஏப்ரல் 23

இன்றும் சொல்லவில்லை. பதினாறு வருஷத்தில் ஒரு தவறு இல்லை என்கிற பெருமை. அதைக் காப்பாற்ற ஒரு மனிதரைக் குருடாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகும் எனக்கு இவ்வளவு பெருமை தேவைப்படுகிறதே — வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 24

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டு அண்ணன் என் மேஜைக்கு வந்தார். கையில் அச்சில் வீணான ஒரு தாள்.

"தூசி, இதுல எத்தனை புள்ளி இருக்குன்னு எண்ணி மனசுல வச்சுக்கோ. நானும் எண்றேன். கண்ணு எவ்ளோ போயிருக்குன்னு பாத்துடலாம்."

எண்ணினேன். பத்தொன்பது. அவர் லென்ஸைப் பிடித்து, உதடு அசைய எண்ணிவிட்டு, "பத்தொம்பது" என்றார்.

"சரிதாண்ணே."

"பாவம் பாத்துப் பொய் சொல்லாத. டாக்டரும் நல்லாத்தான் இருக்குங்கறார். வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. எல்லாரும் சேந்து மறைக்கறீங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நான்தாண்ணே அழிச்சேன். தூசின்னு நெனச்சுத் தொடச்சுட்டேன். உங்க கைக்கு வரும்போதே புள்ளி இல்ல. உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லண்ணே."

மூலப் படத்தையும் நான் அனுப்பியதையும் அருகருகே திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப எனக்குக் கண்ணு தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேராக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "பூமியவே அழிச்சுட்டு இவ்ளோ சாவகாசமா வந்து நிக்கறியே!" என்று கத்தினார். அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

ஏப்ரல் 28

வேலை போகவில்லை. ஆனால் இனி நான் படம் தொடக்கூடாது, புத்தகம் கட்டும் பகுதிக்கு மாற்றம். தட்டு அண்ணன் வேலையை விட்டு நிற்கப் போவதில்லை. பள்ளிகளிலிருந்து திரும்பி வரும் ஆறாயிரம் புத்தகத்திலும் நான் கையால் புள்ளி வைக்க வேண்டும். கண்ணாடித் தாளில் ஊசித் துளை போட்டுப் படத்தின்மேல் பொருத்தி, வெள்ளை மையால் ஒரு தொடல். ஒவ்வொன்றையும் அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து வாங்குகிறார். சரியில்லை என்றால் என் பக்கம் தள்ளுகிறார். பேச்சே இல்லை.

ஒரு தடவை தூசி என்று கூப்பிடமாட்டாரா என்றிருக்கிறது.

மே 6

இரண்டாயிரத்து நானூறு பூமி ஆயிற்று. முதுகு கழன்றுவிட்டது. இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைக்கிறேன். மகள் அவள் புத்தகத்தில் அவளே வைத்துக்கொண்டாள், பட்டாணி அளவுக்கு. ஏன் இவ்வளவு பெரிசு என்றால், "எல்லாரும் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்மா" என்கிறாள்.

மே 15

கடைசிக் கட்டு. சாயங்காலம் நாலு மணி இருக்கும். தட்டு அண்ணன் ஒரு புத்தகத்தைத் தள்ளினார். "இதுல ரெண்டு இருக்கு."

மூன்று வாரத்தில் முதல் பேச்சு. வாங்கிப் பார்த்தேன். நான் வைத்த புள்ளிக்குப் பக்கத்திலேயே, அச்சாகும்போது தூசி ஒட்டியதால் மை பிடிக்காமல் போன இன்னொரு வெள்ளைப் புள்ளி. பழக்கதோஷம், கறுப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். கை இறங்க மறுத்தது.

"எதுண்ணே நான் வச்சது?"

லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். "தெரியல," என்றார். பயமில்லாமல் சொன்னார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினார்.

"விட்டுடு தூசி. அதுலயும் யாராவது இருந்துட்டுப் போறாங்க."

புத்தகத்தை மூடி, சரியானவற்றின் அடுக்கில் வைத்தார்.