நட்டு மேல் நகச்சாயம்

மாதா துணை

பெஸ்தாரி ஜெயா
நவம்பர் 10

என் அன்புக் கணவருக்கு ரோசரி எழுதுவது.

நானும் நம் மகள் கிளாரிஸ்ஸாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் தம்பி கிளாரன்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். பிந்துலு பக்கம் கடல் கொந்தளிப்பு என்று செய்தியில் சொன்னார்கள். பார்ஜ் மிதவையில் நின்று வெல்டிங் செய்யும்போது இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டினேன் என்று என்னிடம் சொல்வதற்காக மாட்டாதீர்கள், நிஜமாகவே மாட்டுங்கள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். நான் என்ன செய்வது? கிளாரிஸ்ஸாவின் பரீட்சையைப் பற்றிப் பேசினால் உங்கள் பார்ஜ் போன் லைன் நன்றாக இருக்கிறது. கிளாரன்ஸ் பெயரை எடுத்தால் மட்டும் அறுந்துபோகிறது. அது கடலின் வேலையா உங்கள் விரலின் வேலையா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த ஆள்மாற்றத்தில் உங்கள் கூட வேலை செய்யும் பாலன் அங்கே வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படித்துவிடுவாரோ என்று உறையின் வாய்க்கு இரண்டு முறை பசை தடவப் போகிறேன்.

நீங்கள் சொன்னபடி ஃபோர்வீல் வண்டியின் சாவியைக் கிளாரன்ஸிடமிருந்து வாங்கிவிட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அதுதான் எனக்கு இடிக்கிறது. விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் கட்டோடு கிடந்தவன், “அண்ணி, பிரேக் பிடிக்கல, சத்தியமா பிடிக்கல” என்று புலம்பினான். வண்டி நிறையச் செம்பனைக் குலை, மழை வேறு, கால்வாய் வளைவில் எவ்வளவு மிதித்தும் வண்டி திரும்பாமல் நேராகப் போய்த் தண்ணீரில் இறங்கிவிட்டது என்றான். பிறகு கோலசிலாங்கூர் வர்க்‌ஷாப்பில் முன்பக்கத்தைச் சரிசெய்தார்கள். பிரேக் எண்ணெய் நிரம்பியிருக்கிறது, பேட் புதிது, ஓட்டியவர் மேல்தான் தப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். அதை வந்து சொன்னேன். அன்றிலிருந்து பிரேக் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. நியாயம் உள்ளவன் இப்படிச் சொல்லை விழுங்குவானா?

அவன் குடித்துவிட்டுத்தான் ஓட்டியிருப்பான் என்று நீங்கள் போனில் கத்தினீர்கள் அல்லவா? கிளாரிஸ்ஸா ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள், பக்கத்து வீட்டுச் சின்னம்மா காய்கறி கொடுக்க வந்து வாசலில் நின்றார். அவர் காதில் விழுந்தது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிளாரன்ஸுக்குப் பேசிவைத்திருந்த புஞ்சாக் ஆலாம் பெண்வீட்டார் போன் செய்து, நிச்சயத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்றார்கள். காரணம் கேட்டேன், குடி பற்றிக் கேள்விப்பட்டோம் என்றார் பெண்ணின் அப்பா. கிளாரன்ஸ் குடியை விட்டு எத்தனையோ நாளாகிறது, அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொண்டு விட்டவன். அதையும் மறுக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அதனால் மறுபடி ஆரம்பித்துவிட்டானோ என்று எனக்கே சந்தேகம். அவன் குளிக்கப் போகும்போது சட்டையை முகர்ந்து பார்த்தேன். மருந்தெண்ணெய் வாசனைதான் வந்தது.

இனிதான் விஷயம். போன ஞாயிறு கை வலிக்கிறது என்று பூசைக்கு வரவில்லை. நாங்கள் கோயிலில் இருந்த நேரம் அவன் வண்டிக்கு அடியில் கிடந்தான் என்று சின்னம்மா சொன்னார். துணி காயப்போடும்போது இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அரத்தால் இரும்பை ராவுகிற சத்தமும் கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமையில் ஆணி அடிக்கக்கூட விடாத குடும்பம் இது. ஒரு கை கழுத்தில் மாட்டிய கட்டில் தொங்க, மறு கையால் திருட்டுத்தனமாக அடியில் என்ன வேலை? நான் கேட்டதற்கு, “சும்மா பாத்தேன் அண்ணி” என்றான். வண்டியை உயர்த்த நீங்கள் ஆசைஆசையாகப் போட்ட புது ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்கிறானா, இல்லை செய்த தப்பை மறைக்கிறானா?

இன்னொன்று. என் நகச்சாயக் குப்பியைக் காணோம். வண்டியில் இறுக்கிய நட்டுக்கெல்லாம் பொட்டு வைத்து அடையாளம் போடுகிறேன் என்று என் கருஞ்சிவப்புக் குப்பியை நீங்கள் அடிவரை காலிசெய்துவிட்டீர்கள். நீங்கள் கடலுக்குப் போனபிறகு ரோஜா நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுதான் காணவில்லை. கிளாரிஸ்ஸா எடுக்கவில்லை. நிச்சயம் நின்றுபோனவன் நகச்சாயம் கொண்டுபோய்க் கொடுக்க வேறு ஒருத்தி இருக்கிறாளா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வரும் ஞாயிறு ஜொகூருக்கு வேலைக்குப் போகிறானாம். கிறிஸ்மஸுக்கு நீங்கள் வருவதற்குள் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று பார்க்கிறான். அவன் போகுமுன் வண்டியில் எது குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் கேட்கத்தான் போகிறேன். நாளை புக்கிட் பெருந்துங்கில் லுக்மான் என்பவரிடம் வண்டியைக் காட்டுகிறேன். காட்டுக்குப் போகிற வண்டிகளை மட்டும் பழுதுபார்ப்பவராம். அவரும் என்னை ஏமாற்றுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரோசரி

*

நவம்பர் 11

என் அன்புக் கணவருக்கு,

பாலன் இன்னும் புறப்படவில்லை. நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். கிழிக்கவில்லை. நான் எப்படியெல்லாம் நினைத்தேன் என்று நீங்களும் படிக்க வேண்டும், நினைத்தது நான் மட்டுமில்லை.

காலையில் புக்கிட் பெருந்துங் போனேன். போகும் வழியிலேயே ஏதோ மாறியிருந்தது. பின்னால் தோட்டத்து அழகேசன் ஏற்றிவிட்ட உர மூட்டைகள் இருந்தன, போகிற வழியில் இறக்கிவிடச் சொன்னார். அவ்வளவு பாரத்தோடும் பிரேக்கை மிதித்த உடனே வண்டி அமைதியாக நின்றது. நீங்கள் புது ஸ்பிரிங்கும் பெரிய டயரும் போட்டு வண்டியை உயர்த்திய பிறகு அது அப்படி நின்றதே இல்லை. மிதித்தால் மூக்கைக் குத்திக்கொண்டு இழுத்துக்கொண்டே போகும், பெரிய டயர் போட்டால் அப்படித்தான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கிளாரன்ஸ் எதையோ நோண்டிவிட்டான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

லுக்மான் அடியில் போய்ப் பார்த்துவிட்டு, எதுவும் காணாமல் போகவில்லை என்றார். நான் நம்பவில்லை. அப்புறம் அவர் சிரித்துக்கொண்டே, “உங்க வீட்டுக்காரரு கவனமான ஆளுக்கா. வண்டிய ஒசத்துறவங்க முக்காவாசிப் பேரு இந்தக் கம்பிய மறந்துடுவாங்க” என்றார். எந்தக் கம்பி என்று கேட்டேன். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு நானும் அடியில் போனேன்.

பின் அச்சுக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி அதை உணர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுமாம். வண்டியை உயர்த்திவிட்டால் கம்பி ஏமாந்துபோகுமாம். எவ்வளவு குலை ஏற்றினாலும் வண்டி காலி என்றே அதற்குத் தோன்றும், பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். அதனால் எவ்வளவு உயர்த்துகிறோமோ அந்த அளவுக்கு ஓர் இரும்புப் பட்டை வைத்துக் கம்பியையும் உயர்த்த வேண்டும். நம் வண்டியில் பட்டை இருந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பாரத்தோட மழையில வளைவுல பிரேக் வெச்சா முன் சக்கரம் மட்டும் இறுகிக்கும். வண்டி நேரா போகும்லா, திரும்பாது” என்றார்.

நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நீங்கள் இறுக்கிய நட்டுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கருஞ்சிவப்புப் பொட்டு, அதன்மேல் கால்வாய்ச் சேறு காய்ந்திருந்தது. அந்தப் பட்டையில் மட்டும் சேறு இல்லை. கையால் ராவிய விளிம்பு இன்னும் பளபளவென்று இருந்தது. அதன் இரண்டு நட்டிலும் பொட்டு இருந்தது, நீங்கள் வைப்பது போலவே ஓரமாக. ஆனால் அது ரோஜா நிறம்.

நான் வெளியே வந்து நின்றுகொண்டு அழுதேன். லுக்மான் பயந்துபோய் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்.

நீங்கள் வண்டியை உயர்த்திய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் தேநீர் கொண்டுவந்தேன், உங்கள் கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். கிளாரன்ஸ் அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இந்தக் கம்பிய அப்படியேவா விடறது?” என்று கேட்டான். நீங்கள், “நான் வெல்டர்டா, நீ கொல ஏத்துறவன். ஸ்பேனர எடுத்துக் குடு, போதும்” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் கைவைத்த வேலையில் தம்பி குறை சொல்லக்கூடாது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். அவன் அதைக் கட்டிலில் கிடக்கும்போதும் மீறவில்லை. பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்று வர்க்‌ஷாப்பில் சொன்னதும், வேறு என்ன கோளாறாக இருக்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அது யார் செய்தது என்றும் புரிந்துவிட்டது. அந்தக் கணத்திலிருந்துதான் வாயை மூடிக்கொண்டான்.

இன்னொருவர் அந்த வண்டியில் சாகக்கூடாது என்று ஒற்றைக் கையால் இரும்பை ராவி மாட்டியிருக்கிறான். அதைத் தன் வேலை என்று காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் வேலைபோலவே இருக்க வேண்டும் என்று என் குப்பியைத் திருடிப் பொட்டு வைத்திருக்கிறான். ஒருநாள் நீங்களே அடியில் போய்ப் பார்த்தாலும், நான்தான் செய்தேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கணக்கு. நிறம் மாறிப்போனதை மட்டும் ஆண்பிள்ளை கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நகச்சாயக் குப்பி திரும்பவும் என் மேசைமேல் இருந்தது. சாப்பாடு போட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, “வண்டி எப்படி அண்ணி இருக்கு?” என்று கேட்டான். நல்லா நிக்குது என்றேன். தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான். விபத்துக்குப் பிறகு அவன் இரண்டாம் முறை சோறு கேட்டது இதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரிந்ததை அவனிடம் நான் சொல்லமாட்டேன். சொன்னால், இல்லை அண்ணி, அண்ணன்தான் முன்னாடியே செய்தார் என்று சத்தியம் செய்வான். அது நீங்கள் சொல்ல வேண்டியது. பெண்ணின் அப்பாவுக்கும் நீங்கள்தான் போன் செய்ய வேண்டும். என் தம்பி குடிக்கவில்லை, வண்டியை உயர்த்தியதில் தப்பு என்னுடையது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும். உங்களை இத்தனை வருடம் பார்க்கிறவள் நான். ஆனாலும் சொல்வீர்கள் என்று நம்புகிறேன், எதையும் சுலபமாக நம்பாதவள் நம்புகிறேன்.

பாலன் வியாழக்கிழமை உங்களிடம் வந்துவிடுவார். கிளாரன்ஸின் பஸ் ஞாயிறு காலையில். இந்த முறை லைன் அறுந்துபோனது என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பழைய குப்பியின் அடியைத் தீக்குச்சியால் சுரண்டி இங்கே கீழே ஒரு பொட்டு வைத்திருக்கிறேன், கருஞ்சிவப்பு. பக்கத்தில் ரோஜா நிறத்தில் ஒன்று. வெளிச்சத்தில் வைத்து இரண்டையும் பாருங்கள்.

மாதா உங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கட்டும்.

ரோசரி