கந்தண்ணன் போனில் திறக்காத படம்

ஏப்ரல் 8, செவ்வாய்

கோழி ஷெட்டுகளின் சூட்டைக் கோடாக வரைந்து எல்லோருக்கும் அனுப்பும் நிரல் என்னுடையது. படத்தின் புள்ளி அடர்த்தியை, அதாவது டிபிஐ-யை, அறுநூறாக ஏற்றச் சொன்னார் முதலாளி முருகானந்தம். ஆபீஸ் டிவியில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம்.

"படம் ரொம்பக் கனமாயிருமுங்க. ஷெட்டுல டவர் சரியா இல்லீங்க, கந்தண்ணன் போன்ல திறக்காது."

"சொன்னதச் செய்யி, கயல்விழி."

செய்தேன்.

ஏப்ரல் 11

ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் கந்தண்ணன் கூப்பிட்டார். "படம் தொறக்காம வட்டம் சுத்திக்கிட்டே கெடக்குதுங்க, அம்மிணி." சின்னதாக்கிவிடவா என்று முதலாளியிடம் மறுபடி கேட்டேன். காகிதம் பறக்காமலிருக்க மேசையில் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எறிந்தார். என் காதோரம் போய்ச் சுவரில் உடைந்தது.

ஏப்ரல் 16

மதியம் மூன்றாவது ஷெட்டில் மின்விசிறிகள் நின்றுவிட்டன. கந்தண்ணன் கடைசி ஷெட்டில் தீவனம் இறக்கிக்கொண்டிருந்தார். சூடு ஏறும் படம் அவர் போனுக்குப் போனது. திறக்கவில்லை. அவர் வந்து பார்த்தபோது கோழிகள் வாயைப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன.

சத்தம் கேட்டு ஓடினேன். முதலாளி கையில் மண்வெட்டி. "படம் வந்துச்சல்லடா! கண்ணு அவிஞ்சு போச்சா?" பிடியால் கந்தண்ணன் கையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குறுக்கே போனேன். அடுத்த அடி என் வலது தோளில். அண்ணன் விழுந்த பிறகும் விடவில்லை — செத்த கோழிகள் மேலேயே போட்டு மிதித்தார்.

ஏப்ரல் 17

இடது கையால் எழுதுகிறேன். அந்த மம்பட்டிய எடுத்து அந்தாளு மண்டையிலயே போடோணும். காலையிலிருந்து இதே நெனப்பு. நானா இது?

ஏப்ரல் 18

முதலாளியின் மனைவி சாரதாமணி என் வீட்டுக்கு வந்தார். "கேஸுன்னு போயிராதீங்க சாமி. வைத்தியத்த நாங்க பாத்துக்கறோம்." அவர் மணிக்கட்டில் விரல் தடம் கன்றியிருந்தது.

"உங்களையும் அடிப்பாருங்களா, அக்கா?"

சேலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 19

போலீஸில் புகார் கொடுத்தேன். "படம் வந்திருக்குதே, ஏன் பாக்கல?" என்றார் எஸ்.ஐ. ஷெட்டுக்கே வாங்க, காட்டுகிறேன் என்றேன். கேட்டை மறித்தார் முதலாளி. "உள்ள கால வெச்சா வெட்டிப் போடுவேன்!" எஸ்.ஐ. எதிரிலேயே சொன்னார். போலீஸ்காரர்கள் முதலாளியை ஜீப்பில் ஏற்றினார்கள். சாரதாமணியக்காதான் சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார்.

கந்தண்ணன் போனோடு ஷெட்டுக்குள் நின்று, அதே படத்தை நிரலால் அதற்கு அனுப்பினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு டிபிஐ-யை எண்பதாக்கி, வெற்று ஓரங்களை வெட்டி, நிறங்களைக் குறைத்து அனுப்பினேன். உடனே திறந்தது. ஏறும் சிவப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. எஸ்.ஐ. எழுதிக்கொண்டார்.

ஜூன் 2

முருகானந்தம் ஜாமீனில் வந்து தம்பி வீட்டில் இருக்கிறார். பண்ணை அக்கா பொறுப்பில். கந்தண்ணனுக்குக் கை இன்னும் மடங்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். இங்கே இப்போது யாரும் கத்துவதில்லை. ஆனாலும் வாசலில் ஒரு கார் வந்து நின்றால், நாங்கள் மூன்று பேரும் எழுந்துவிடுகிறோம்.