மேசைச்சீலை என்று பெயர் வைத்த போர்வை

அக்கா,

இன்று காலை அலுமாரியைத் திறந்தேன், கருவாடு மணந்தது. கலியாணவீட்டுக்கு மட்டும் கட்டும் பச்சைச் சேலை, இவர் கட்டாரில் இருந்து லீவில் வந்தால் போடும் சட்டைகள், எல்லாவற்றிலும் அச்சொட்டாகக் குச்சவெளிக் கருவாடு. போன மாதம் பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மனிசி திடீரென்று எழும்பி மூன்று கதிரை தள்ளிப்போய் இருந்தாள். அவளுக்குத் தலைக்கனம் என்று நான் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன். இனி அந்த நாலு பேரிடமும் போய்த் திருத்தவா முடியும்? இருக்கட்டும்.

மணத்துக்குக் காரணம் நீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் மதிலுக்கு மேலால் ஒரு பையை நீட்டினீர்களே, உங்கள் அண்ணன் கருவாடு கொண்டுவந்த பை. கழுவித்தான் வைத்தேன் என்று சத்தியம் பண்ணினீர்கள். உள்ளே நீங்கள் துண்டுத் துணிகளில் தைத்த மூன்று வரிசை, பாயைப்போலச் சுருட்டி நூலால் கட்டியிருந்தது. "எடியே, விரிச்சுப் பாத்திடாத. நான் வந்தாப்பிறகு ரெண்டு பேருமாப் பாப்பம்" என்றீர்கள்.

நீங்கள் வரவில்லை. நானும் விரிக்கவில்லை. ஒரு வருடம்.

உங்களை அக்கா என்று கூப்பிடுவதே ஓர் அநியாயம். நான் இந்த ஒழுங்கைக்குக் குடிவந்த முதல் கிழமையே பிறந்த திகதியைக் கேட்டு, விரல்விட்டு எண்ணி, "எட்டு மாசம். அப்ப நான்தான் அக்கா" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு "எடியே", நான் உங்களுக்கு "சொல்லுங்கோ அக்கா". இருபத்திரண்டு வருடம் அந்த எட்டு மாதத்துக்கு மரியாதை கொடுத்தே என் வாய் தேய்ந்தது. இப்போது கணக்குப் பார்த்தால் நீங்கள் நின்றுவிட்ட வயதை நான் தாண்டி நாலு மாதம். இனி நான்தான் மூத்தவள். "எடியே" என்று கூப்பிடும் உரிமை சட்டப்படி எனக்கு வந்துவிட்டது. ஒருநாள் குசினிக்குள் நின்று கூப்பிட்டும் பார்த்தேன். வாய் வரவில்லை.

உங்கள் துளசிக்குக் கலியாணம் முடிந்த கையோடுதான் உங்களுக்கு இந்த யோசனை வந்தது. மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு போர்வை, துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைத்தது. ஆனால் பிறக்காத பிள்ளைக்கு ஒரு நூல்கூட வாங்கி வைக்கக்கூடாது என்பது நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காத்த சட்டம். வயிற்றிலேயே இல்லாத பிள்ளைக்கு என்றால் இன்னும் மோசம். அதனால் போர்வைக்கு மேசைச்சீலை என்று பெயர் வைத்தீர்கள். கடவுளையும் கண்ணூறையும் ஒரே பெயரால் ஏமாற்றுவது திட்டம். முடியும்வரை விரிக்கவும் கூடாது. நீங்கள் தைத்தது உங்களிடம், நான் தைத்தது என்னிடம்.

முன்வீட்டு ரீச்சர் ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய சீலைக்கு உங்களிட்ட மேசை எங்க கிடக்கு?"

நீங்கள் கண்ணை வெட்டாமல், "வாங்கப்போறம் ரீச்சர்" என்றீர்கள். அன்றுமுதல் ஒழுங்கை முழுக்க எங்கள் மேசைக்காகக் காத்திருந்தது.

வீடு வீடாகப் போய்ப் பழந்துணி கேட்டோம். துணியோடு கதையும் வந்தது. உண்மையைச் சொன்னால் கதைக்காகத்தான் துணி கேட்டோம். ஒழுங்கையில் ஒருவர் முகம் ஒருவர் பார்த்துக் கதையாத அந்த இரண்டு மச்சாள்மாரும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே மாதிரி ஊதாச் சேலையின் துண்டைத் தந்து, மற்றவள்தான் தன்னைப் பார்த்து வாங்கினாள் என்று எங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். இரண்டையும் நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தீர்கள். துண்டுகள் ஒட்டிவிட்டன. மச்சாள்மார் இன்னும் கதைப்பதில்லை.

இனி அளவுநாடா. அதில் மீன்குழம்பு ஊற்றியது நான். கழுவிக் கொடியில் போட்டது நீங்கள். தின்றது மான். வெளியூர்ச் சனம் எங்கள் ஊர் மான்களைக் கண்டதும் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுக்கும். அவை குப்பை வாளிக்குள் தலையை விடுவதும் காயப்போட்ட உடுப்பைச் சப்புவதும் இங்கே குடியிருக்கும் எங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் விளக்குமாற்றோடு ஓடிப்போய் மற்ற நுனியைப் பிடித்து இழுத்தீர்கள். மானும் இழுத்தது. கடைசியில் எங்களுக்குக் கிடைத்த நாடா முப்பத்தெட்டில் தொடங்கியது. முப்பத்தெட்டில் இருந்து எட்டு இஞ்சி எண்ணி வெட்டுகிற அளவுக்கு எங்கள் இருவருக்கும் கணக்கு ஓடாது.

"புதுசு ஒண்டு வாங்குவம் அக்கா."

"என்னத்துக்கு? ஒரு சாண் சதுரமா வெட்டுவம். எங்கட கையை மான் தின்னாது."

அதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னீர்கள். நானும் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிக் கேட்டுக்கொண்டேன். நீங்கள் உங்கள் வீட்டில் உங்கள் சாணால் வெட்டினீர்கள். நான் என் வீட்டில் என் சாணால் வெட்டினேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தான்.

நீங்கள் போனபிறகு உங்கள் வீட்டைத் துளசி வாடகைக்குக் கொடுத்துவிட்டாள். புதிதாகக் கலியாணம் முடித்த சோடி ஒன்று இருக்கிறது. நல்ல சனம், அதுதான் பிரச்சினை. சண்டை பிடிப்பதில்லை, சத்தம் போடுவதில்லை, மற்றவர் கதை ஒன்றும் கேட்பதில்லை. இவர் கட்டாரில், மகன் கொழும்பில், இரண்டு பேரும் கைபேசியில் "சாப்பிட்டியளோ" என்று கேட்டால் அத்தோடு கதை முடிந்தது. ஒழுங்கையில் கதைக்குக் குறைவில்லை அக்கா. விதானையாரின் தலைமயிர் திடீரென்று கறுத்தது தொடங்கி எவ்வளவோ நடந்துவிட்டது. எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்லவென்று மனதில் எடுத்து வைக்கிறேன். பிறகு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

துளசிக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தியும் அப்படித்தான். கேட்டதும் கால் தன்பாட்டில் மதிலடிக்குப் போய்விட்டது. அங்கே போய் நின்றேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. திரும்பி வந்து உலையை வைத்தேன்.

இருபது நாள் கழித்துத் தம்பலகாமத்தில் இருந்து அவளே கைபேசியில் கூப்பிட்டாள்.

"அன்ரி, பிள்ளையின்ர முப்பத்தொண்டுக்குத் துடக்குக் கழிக்கிறம். கட்டாயம் வரவேணும்."

"வராமல்? அக்காவின்ர இடத்தில நான்தானே நிக்கவேணும்."

பிறகு, "அம்மாவின்ர சாமான் ஏதும் உங்களிட்டக் கிடக்கோ அன்ரி? அம்மம்மா தந்தது எண்டு பிள்ளைக்குக் காட்ட என்னட்ட ஒண்டுமில்லை" என்றாள்.

"ஒரு மேசைச்சீலை கிடக்கு" என்று என் வாய் சொல்லிவிட்டது. பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனி என்ன ஒளிப்பு? ஆனால் பழகிய வாய்.

"மேசைச்சீலையோ?"

"ஓம். பாதியில நிக்குது."

"எதெண்டாலும் பரவாயில்லை அன்ரி. முடிச்சுத் தாங்கோவன்."

அன்றுதான் உங்கள் சுருளின் நூலை அறுத்தேன். உள்ளே மூன்று வரிசை, தைக்காத சதுரம் ஒன்று. சீமெந்துத் தரையில் என் வரிசை ஒன்று, உங்கள் வரிசை ஒன்று என்று மாறிமாறி ஆறையும் வைத்தேன். இடப்பக்கத்தை ஒழுங்காகப் பிடித்துவிட்டு வலப்பக்கம் போய்ப் பார்த்தால், என் வரிசைகள் துறைமுகத்து இறங்குதுறைகள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்களுடையவை நான்கு விரல் உள்ளே. முதலில் துணி சுருங்கிவிட்டது என்றேன். பிறகு நீங்கள் துணியில் கஞ்சம் பிடித்தீர்கள் என்றேன். என்னில் பிழை இருக்கும் என்ற எண்ணம், வழக்கம்போல, வரவேயில்லை.

நீங்கள் இருந்திருந்தால் ஒரு மாதம் சிரிக்கப் போதுமாய் இருந்திருக்கும். தனியே சிரித்துப் பார்த்தேன். அரைவாசியில் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பிழையைக் கண்டதும் எனக்குள் ஒரு சந்தோசம். நல்ல சாட்டுக் கிடைத்தது. "அது சரிவரேல்லை பிள்ளை, பிழைச்சுப்போச்சு" என்று துளசியிடம் சொல்லிவிட்டு, சுருளைத் திரும்பக் கட்டி அலுமாரிக்குள் வைத்துவிடலாம். அது என்ன போர்வை, யாருக்கு என்பது என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? தைத்து முடித்தால் பை வெறுமையாகிவிடும். உங்களோடு சேர்ந்து தொடங்கிப் பாதியில் நிற்கிற காரியம் என்று எனக்கு வேறு ஒன்றும் இல்லை, அக்கா. அதற்காகச் சேலையில் கருவாடு மணந்தால் மணக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அந்தப் பிள்ளையின் குரல் காதுக்குள் நின்றது. ஒண்டுமில்லை என்றாளே. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் கிண்ணியாக்கார நானாவிடம் கொண்டுபோனேன். விரித்த உடனே மனிசன் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.

"இது ரெண்டு பேர்ட வேலை, தங்கச்சி."

"எப்பிடி நானா கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்க என்ன இரிக்கி? ஒராள் தாராளம், ஒராள் கஞ்சம். இந்தச் சின்னத்தையெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு, பெரிசிட அளவுக்குப் புதுத்துணி வெட்டிப் போடுவம். ஒரு பின்னேரத்தில முடிச்சித் தாரன். நேரா இரிக்கும்."

சொல்லிக்கொண்டே தைக்காத அந்த ஒற்றைச் சதுரத்தை மேசையில் போட்டார். என் கை அதன்மேல் போனது. பெருவிரலை ஓர் ஓரத்தில் வைத்து விரித்தேன். சுண்டுவிரல் மற்ற ஓரத்தைத் தாண்டி அரை இஞ்சி வெளியே நின்றது.

கஞ்சமும் இல்லை, சுருக்கமும் இல்லை. அது உங்கள் சாண்.

ஆள் பெரிய ஆள், குரல் அதைவிடப் பெரிசு. கை சின்னன் என்பதை இருபத்திரண்டு வருடம் நான் கவனிக்கவில்லையே. ஒரு கலியாணவீட்டுக்கு உங்கள் காப்பைக் கேட்டு வாங்கி, அது என் கையில் ஏறாததால் நான் மொத்தமாகிவிட்டேன் என்று பயந்து ஒரு மாதம் சோற்றைக் குறைத்தது நினைவிருக்கிறதா? பக்கத்தில் இருந்து பாற்சொதி குடித்துக்கொண்டே "குறை, குறை, நல்லாக் குறை" என்றீர்கள். உங்கள் கைதான் சின்னன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"விடுங்கோ நானா. இது இப்பிடியே கிடக்கட்டும்."

"கோணலாக் கிடக்கும், தங்கச்சி."

"தைச்ச ரெண்டு பேரும் கோணல்தான்."

வீட்டுக்கு வரும் வழியில், என்னுடையதைப் பிரித்து உங்கள் அளவுக்கு வெட்டினால் என்ன என்றும் யோசித்தேன். மரியாதையாகவும் இருக்கும், நேராகவும் இருக்கும். ஆனால் வெட்டினால் பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு துண்டும் ஒரு கையின் வேலையாகிவிடும். இரண்டு பேர் இருந்தோம் என்பதற்கு அந்த நான்கு விரல் இடைவெளியைத் தவிர வேறு என்ன சாட்சி?

ஐந்து பின்னேரம் தைத்தேன். அடியில் என் பழைய நூல்சேலையைக் கொடுத்தேன். நடுவில் பஞ்சு வைக்கவில்லை. இந்த ஊர் வெக்கைக்குப் பஞ்சும் வைத்தால் பிள்ளை அவிந்துபோகும். வலப்பக்க ஓரத்தை நேராக வெட்டாமல், உள்ளே போன இடத்தில் உள்ளேயும் வெளியே வந்த இடத்தில் வெளியேயும் மடித்துத் தைத்தேன். நேர் ஓரத்தைவிட அதற்கு மூன்று மடங்கு வேலை. உங்கள் பேத்தி பிடித்து இழுக்க ஆறு மூலையாவது கிடைக்கும். கடைசி ஓரம் மட்டும் மிச்சம் இருக்க மூன்று தரம் கழுவி வெயிலில் போட்டு, கையில் விளக்குமாற்றோடு கதிரையைப் போட்டுக் காவல் இருந்தேன். படலைக்கு வெளியே ஒரு மான் நெடுநேரம் நின்று பார்த்தது. நாடாவைத் தின்றது அதுதானோ தெரியாது. முகத்தில் வெட்கம் இல்லை.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தது இன்று பின்னேரம். கடித்த வாய் மூடவில்லை, எழும்பி மதிலடிக்கு ஓடிவிட்டேன். "அக்கா, முடிஞ்சுது!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தியும் விட்டேன்.

மதிலுக்கு மேலால் அந்தப் புதுப்பெட்டை எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் சவர்க்கார நுரை.

"என்னக்கா? என்னையோ கூப்பிட்டனீங்கள்?"

என்னை அக்கா என்கிறாள். நான் அவளுடைய பிறந்த திகதியைக்கூடக் கேட்கவில்லை.

"இல்லைப் பிள்ளை. ஒரு மேசைச்சீலை தைச்சு முடிச்சனான். அதுதான்."

"அப்பிடியோ? வடிவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எந்த மேசைக்கு என்று கேட்கவில்லை. நீங்கள் என்றால் கேட்டிருப்பீர்கள்.

நாளை முப்பத்தொண்டு. காலை பஸ்ஸில் தம்பலகாமம் போகிறேன். துளசியிடம் எல்லாவற்றையும் சொல்வேன்: மானை, கையை, மச்சாள்மாரை, அதன் உண்மையான பெயரை. அவள் அழுவாள். நான் பகிடி விட்டுச் சமாளிப்பேன். பிறகு வெறும் பையோடு திரும்பி வருவேன். இன்னும் கருவாடு மணக்கும், கழுவப்போவதில்லை.

அந்த ஒற்றைச் சதுரத்தை மட்டும் கொடுக்கமாட்டேன். என் கைப்பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அளவுநாடா இனியும் வாங்கப்போவதில்லை. யன்னல்சீலையோ தலையணை உறையோ, எதை வெட்டினாலும் இதை வைத்துத்தான் அளப்பேன். எல்லாம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

வரட்டும், அக்கா.